ஆறாயிரம் மட்டும்தானா? வெள்ளம் வடிந்த பிறகு கேட்டுப் பெற வேண்டியவை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகும் வடசென்னையில் பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி, மணலி புதுநகர் பக்கம் தண்ணீர் உடனே இறங்கவில்லை. இறங்கியதும் தெருவில் ஒரே பேச்சுதான்: "டோக்கன் வந்துச்சா?" ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய்க்கான டோக்கன். அந்தப் பணம் எத்தனையோ வீட்டில் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தது. ஆனால் வெள்ள நிவாரணம் என்றாலே அந்த ஆறாயிரம்தான் என்று நம் பகுதியில் பலர் நினைத்துவிட்டார்கள். சுவர் இடிந்தவரும் ஆட்டைப் பறிகொடுத்தவரும் கூட வேறு எதையும் கேட்காமலே விட்டுவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ரேஷன் கடை வழியாக வரும் ரொக்கம், அந்தந்தப் பேரிடருக்கு மாநில அரசு தனியாக அறிவிப்பது. எந்தத் தாலுகா, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அந்த முறை வரும் அரசாணையைப் பொறுத்தது. மிக்ஜாமின்போது சர்க்கரை அட்டைக்காரர்களும் வருமான வரி கட்டுகிறவர்களும் தங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எழுதி ரேஷன் கடையில் விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. டோக்கன் வரவில்லை என்றால் கதை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

இன்னொன்று, எப்போதும் நடைமுறையில் இருக்கும் பட்டியல். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பேரிடர் நிவாரண நிதி உண்டு. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களுக்கு அதில் 75 சதவீதம் ஒன்றிய அரசின் பங்கு. எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று உள்துறை அமைச்சகம் வகுத்திருக்கிறது. புயல், வெள்ளம், சுனாமி, தீ, நிலச்சரிவு, பனிச்சரிவு, கடுங்குளிர் எல்லாம் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. குளிர்காலக் கடைசியில் இமயமலையில் பனி சரிந்து வீட்டை இழந்தவருக்கும், கொசஸ்தலை ஆறு கரை மீறி வீட்டை இழந்த மணலிக்காரருக்கும் விதி ஒன்றுதான். மலைப்பகுதி என்றால் 1,30,000 ரூபாய், சமவெளி என்றால் 1,20,000 ரூபாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

2022-23 முதல் 2025-26 வரைக்கான அந்தப் பட்டியலில் நமக்கு வேண்டியதைச் சொல்கிறேன். வீடு முழுதாகவோ மோசமாகவோ இடிந்தால் அந்த 1,20,000. குறைந்தது 15 சதவீதம் சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500, மண் சுவர் மாதிரியான கச்சா வீட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000. வீடு அங்கீகாரம் பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பட்டா இல்லாமல் இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கும் நம் தெருக்களில் இது பெரிய முட்டுக்கட்டை. இதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வடசென்னைக்கு ரொம்ப முக்கியமானது அடுத்த வரி. இரண்டு நாளுக்கு மேல் வீடு வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திர பண்டத்துக்கு 2,500. இது குடும்ப ரொக்கத்திலேயே சேர்ந்ததா, தனியா என்று தாலுகா ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இறந்துபோன கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. உயிரிழப்புக்குப் பட்டியலில் 4 லட்சம். மிக்ஜாமில் தமிழக அரசு அதை 5 லட்சமாக உயர்த்தியது. காசிமேடு, எண்ணூர் மீனவர்களுக்கும் அப்போது உயர்த்தினார்கள்: முழுதாகச் சேதமான வல்லத்துக்கு, அதாவது சிறிய மீன்பிடிப் படகுக்கு, 50,000, ஒரு பகுதி மட்டும் சேதமானால் 15,000, வலைக்கு 15,000.

சரி, இதை எப்படி வாங்குவது? எல்லாம் கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. வி.ஏ.ஓ. எழுதும் அறிக்கையில் உங்கள் வீடு இல்லையென்றால் தாசில்தாரிடம் காட்ட ஒன்றும் இல்லை. தண்ணீர் இறங்கியதும் நாம் செய்யும் முதல் வேலை, சேற்றை வாரிக் கொட்டி, ஊறிப்போன மெத்தையைத் தெருவில் போட்டு, சுவரைக் கழுவுவது. அது இயல்புதான், குழந்தைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? ஆனால் அதற்கு முன் பத்தே நிமிடம் ஒதுக்குங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, விரிசல், விழுந்த கூரை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போனில் படம் எடுங்கள். ஒரு படத்திலாவது கதவு எண்ணும் வீட்டு ஆளும் தெரியட்டும். மாடோ ஆடோ செத்திருந்தால் மாநகராட்சி வண்டி வந்து எடுத்துப் போவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். படகு, வலை என்றால் மீன்வளத் துறை ஆட்கள் வந்து பார்க்கும்வரை அப்படியே வைத்திருங்கள்.

அப்புறம், மனுவை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்றைத் தாலுகா ஆபீசில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் எந்தக் கணக்கிலும் ஏறாது. யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் திங்கட்கிழமை ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கு, மக்கள் குறைதீர் நாளில் போங்கள். முத்திரை குத்திய பிரதி, படங்கள், ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் போதும். புத்தகமே ஊறிப் போயிருந்தால் அதையும் படம் எடுத்துக் கொண்டு போங்கள்.