வெயில் ஏறியதும் ஸ்னோபோர்டைப் பிடித்து இழுப்பது எது?

வார இறுதியில் ஸ்னோபோர்டு ஓட்டிவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காலையில் வழுக்கிக்கொண்டு ஓடிய பலகை, வெயில் ஏறிப் பனி சகதியானதும் அடியில் யாரோ பிடித்து இழுப்பதைப்போல் திக்கித் திக்கிப் போனது. தண்ணீர் இருந்தால் இன்னும் நன்றாக வழுக்கத்தானே வேண்டும்? விலை கூடிய மெழுகு வாங்கிப் பூசினால் சரியாகிவிடுமா?"

தண்ணீர் இருந்தால் வழுக்கும் என்பது சரியே. காலையில் பலகையை ஓடவைத்ததும் தண்ணீர்தான். அந்த நீர், அழுத்தத்தால் பனி உருகுவதால் வருகிறது என்று பலரும் பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டால் அது நிற்பதில்லை. 75 கிலோ எடையுள்ளவர் 150 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் கொண்ட பலகைமேல் நின்றால், பனியின்மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 2,000 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. பலகை பனிமணிகளின் முனைகளை மட்டுமே தொடுகிறது, உண்மையான தொடுபரப்பு நூற்றில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும் அது 2 வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டாது. பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரு டிகிரி இறக்குவதற்கோ சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். 1939-இல் ஆய்வாளர்களான பவுடனும் ஹியூஸும் சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராயோக் மலைமுகட்டு ஆய்வுநிலையத்தில் சோதித்துப் பார்த்து, நீரை உண்டாக்குவது உராய்வு வெப்பமே என்று வாதிட்டார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அழுத்தக் கதையைப் பாடப்புத்தகங்கள் விட மறுப்பதை மூடநம்பிக்கையின் படித்த வடிவம் என்றே நான் சொல்வேன்.

உராய்வுக் கெழு (எடையில் எத்தனை பங்கு உராய்வாக எதிர்க்கிறது என்ற விகிதம்) 0.05 என்றும் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்றும் கொண்டால் 375 வாட் வெப்பம் பிறக்கிறது. ஒரு கிராம் பனியை உருக்க 334 ஜூல் போதும் என்பதால், அவ்வளவு வெப்பமும் உருக்குவதற்கே செலவானால் வினாடிக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் நீர் கிடைக்கும். அதே வினாடியில் பலகை கடக்கும் இரண்டரைச் சதுர மீட்டரில் இதைப் பரப்பினால் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்கூடத் தேறாது. ஆனால் உராய்வு நடக்கும் இடமும் உருகும் இடமும் ஒன்றே. பனிமணி முனைகளில் மட்டும் நீர் சேருகிறது, மற்ற இடமெல்லாம் காற்று. காலைநேரச் சுகத்தின் ரகசியம் இதுதான்.

மதியத்தில் மாறுவது இந்தக் காற்றின் கதை. பனியின் வெப்பநிலை சுழியத்தைத் தொட்டபின் வெயிலின் ஆற்றல் முழுவதும் உருக்குவதற்கே போகிறது. மணிகளை இணைத்திருந்த பிணைப்புகள் கரைகின்றன. மணிகள் உருண்டையாகிப் பருக்கின்றன. இடைவெளிகளில் நீர் தேங்குகிறது. கன அளவில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் நீர் இருந்தால் அதைச் சகதி என்று பனியியலாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். இப்போது பலகைக்கும் பனிக்கும் நடுவே, முனைகளில் மட்டுமல்லாமல் பள்ளங்களிலும் நீர்ப்பாலங்கள் எழுகின்றன.

இந்தப் பாலங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒட்டவைத்துவிட்டுப் பிரிக்க முயன்றவர்கள் இந்த விசையைக் கையால் உணர்ந்திருப்பார்கள். பாலத்தின் ஓரம் உட்குழிந்திருக்கும். பரப்பு இழுவிசை அந்தக் குழிவை வெளிப்புறமாக இழுப்பதால் பாலத்தின் உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைகிறது. உடனே வெளிக்காற்று பலகையைப் பனியோடு சேர்த்து அமுக்குகிறது. இந்த உறிஞ்சலின் அளவு, நீரின் பரப்பு இழுவிசையை (மீட்டருக்கு 0.076 நியூட்டன்) இருபுறச் சேர்கோணங்களின் (நீரின் ஓரம் ஒரு பரப்பைத் தொடும் கோணம்; நீர் ஒட்டாத பரப்பில் அது பெரிதாக இருக்கும்) கொசைன் கூட்டுத்தொகையால் பெருக்கி, இடைவெளியால் வகுத்தால் வரும். பனிக்கட்டியை நீர் முழுமையாக நனைப்பதால் அந்தப் பக்கத்தின் கொசைன் ஏறத்தாழ 1. பலகையின் அடிப்பரப்பு பாலிஎத்திலீன். அதன்மேல் நீரின் சேர்கோணம் 100 டிகிரி அளவில் இருப்பதால் கொசைன் −0.17. கூட்டினால் 0.83. இடைவெளி ஒரு மைக்ரான் என்றால் உறிஞ்சல் 63,000 பாஸ்கல்! ஓட்டுபவரின் எடை தரும் அழுத்தம் வெறும் 2,000. ஆகவே பலகையின் அடியில் நூற்றில் மூன்று பங்குப் பரப்பில் இப்படிப் பாலம் பிடித்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத இன்னொருவரைத் தோளில் சுமந்துகொண்டு சறுக்குவதாக ஆகிவிடும்.

பலகை நகரும்போது முன்னால் புதுப்பாலங்கள் உருவாகி, பின்னால் பழையவை நீண்டு அறுபடுகின்றன. ஒவ்வொரு அறுபடலிலும் கொஞ்சம் ஆற்றல் போகிறது. அமெரிக்க ராணுவத்தின் குளிர்மண்டல ஆய்வகத்தில் பணியாற்றிய சாமுவேல் கோல்பெக், பனி உராய்வை உலர் நிலை, நீர் உயவிடும் நிலை, நீர் பிடித்திழுக்கும் நிலை என்று பிரித்துக் காட்டினார். காலையில் நம் வாசகர் இரண்டாவதில் ஓடினார், மதியம் மூன்றாவதில் மாட்டிக்கொண்டார். நீரின் பாகுநிலை இழுப்பும், இளகிய பனியை உழுது தள்ளும் வேலையும் இதோடு சேரும். எது எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை. பனி விளையாட்டுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று முகம் சுளிப்பவர்கள், மணிகளுக்கிடையே இதே நீர்ப்பாலங்கள் அமிழ்ந்துபோய்ப் பிடிப்பை இழக்கும்போதுதான் ஈரப் பனிச்சரிவுகள் கிளம்புகின்றன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். இத்துறைக்குக் கிடைக்கும் நிதி போதாது என்பதே என் எண்ணம்.

இனி மெழுகு. அது பலகைப் பக்கத்துச் சேர்கோணத்தை மட்டுமே மாற்ற முடியும். பனிப் பக்கத்து 1 அப்படியே இருக்கும். ஃப்ளூரின் கலந்த மெழுகு கோணத்தை 112 டிகிரி வரை உயர்த்தினால் கூட்டுத்தொகை 0.83-இலிருந்து 0.63 ஆகும், கால்பங்கு குறையுமே தவிர, உறிஞ்சல் ஒழியாது. அந்தக் கால்பங்குக்காக, எளிதில் சிதையாத சேர்மங்களை மலைநீரில் கலக்கவிட்டது தவறு. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவம் முதல் அவற்றைப் போட்டிகளில் தடைசெய்தது காலம் கடந்த நல்ல காரியம்.

உண்மையில் பயன் தருவது வகுக்கும் எண்ணான இடைவெளிதான். அடிப்பரப்பில் நீளவாக்கில் இழைத்த நுண்வரிகள் சகதிப் பனிக்குச் சற்று ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால், அந்த இடங்களில் இடைவெளி பல மடங்காகி உறிஞ்சல் அதே விகிதத்தில் சரியும். நீர்ப்படலமும் துண்டுபட்டுக் காற்று உள்ளே வரும். மெழுகு பூசியபின் நன்றாகச் சுரண்டித் தூரிகையால் தேய்க்கச் சொல்வது இந்த வரிகள் அடைபடாமல் இருப்பதற்காகத்தான். வாசகர் மெழுகுக்குச் செலவிடுவதற்கு முன், பட்டறையில் கொடுத்து வரிகளைப் புதுப்பித்துக்கொள்வது மேல்.

அதற்குப் பின்னும் சகதியில் உராய்வுக் கெழு 0.1-ஐத் தொடும் இடங்கள் இருக்கும். அங்கே ஆறு டிகிரிக்கும் குறைவான சரிவில் புவியீர்ப்பால் வேகத்தைத் தக்கவைக்க முடியாது. நிழலிலிருந்து வெயில் பட்ட திட்டுக்குள் நுழையும்போது முன்னங்காலில் எடை இருந்தால் பலகை பிடிபட்டு உடல் முன்னே பாயும். எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, பலகையைத் திருப்பாமல் நேராகவே விட வேண்டும். கையில் கோல் இல்லாத ஸ்னோபோர்டுக்காரருக்கு, சமதளம் வரும் முன்பே போதிய வேகம் சேர்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. தவறினால் ஒரு காலை வாரிலிருந்து கழற்றி உந்திக்கொண்டே போக வேண்டியதுதான்.