'டிபெண்ட்ஸ்' என்று சொல்லும் அந்த ஒரு வரி

மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள ஒரு டிடிபி சென்டரில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) ஓடும் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. புது பிரிண்டருக்கான டிரைவரை டெப் ஃபைலாக (உபுண்டுவில் மென்பொருளைக் கட்டித் தரும் பொதி, அதாவது பேக்கேஜ்) இறக்கி, அதைப் பிரித்து வைக்கும் 'டிபிகேஜி' கட்டளையைக் கொண்டு நிறுவினால், திரை நிறைய ஆங்கிலத்தைக் கொட்டிவிட்டு 'டிபெண்டென்சி பிராப்ளம்ஸ்', அதாவது இதற்குத் தேவையான வேறு மென்பொருள் இல்லை என்று நின்றுவிடுகிறது. பலரும் அந்தக் கடைசி வரியைத்தான் காப்பி செய்து கூகுளில் தேடுவார்கள். அதில் ஒன்றும் இல்லை. எது குறைகிறது என்பது அதற்குச் சற்று மேலே, 'டிபெண்ட்ஸ் ஆன்' வரும் வரியில் பெயரோடு இருக்கும்.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன் மூட்டையை இறக்குவார்; சீட்டில் பத்து என்றிருந்து ஒன்பதுதான் வந்தால் 'ஒண்ணு குறையுது' என்பார். அந்த ஒன்று எந்த மண்டியில் கிடைக்கும் என்பது கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும். டிபிகேஜி லோடுமேன்; களஞ்சியத்தில் (உபுண்டு இணையத்தில் வைத்திருக்கும் பேக்கேஜ் கிடங்கு) தேவையானதைத் தேடிக் கொண்டுவரும் 'ஆப்ட்' கட்டளை கணக்குப்பிள்ளை. டெப் ஃபைலை நேரடியாக டிபிகேஜியிடம் கொடுத்தால், அது ஃபைல்களை டிஸ்கில் பிரித்து வைத்துவிட்டு, அமைப்பு வேலையைச் செய்யாமல் பாதியில் விட்டுவிடும். 'டிபிகேஜி -எல்' பட்டியலில் ஒழுங்காக நிறுவிய பேக்கேஜுக்கு முன்னால் இரண்டு சிறிய ஐ இருக்கும். இப்படிப் பாதியில் நிற்பதற்கு ஒரு சிறிய ஐயும் ஒரு பெரிய யுவும் இருக்கும்.

அதனால் முதலிலேயே ஆப்டிடம் கொடுப்பது மேல்: 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்து, ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்க்க வேண்டும். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அதை ஃபைலாகப் பார்க்காது, களஞ்சியத்தில் அந்தப் பெயரில் பேக்கேஜைத் தேடிவிட்டு 'இல்லை' என்று சொல்லிவிடும். ஏற்கெனவே பாதியில் நிற்பதற்கு 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. குறைந்த பொருள் களஞ்சியத்தில் இருந்தால் இது கொண்டுவந்து சேர்க்கும். இல்லாவிட்டால், நாம் நிறுவ வந்த பேக்கேஜையே நீக்கிவிடலாமா என்று கேட்கும். கணக்குச் சரியாக அதற்குத் தெரிந்த இன்னொரு வழி அதுதான்! 'ரிமூவ்டு' என்ற தலைப்பில் வரும் பெயர்களைப் படிக்காமல் ஒய் தட்டக் கூடாது.

களஞ்சியத்தில் ஏன் கிடைக்கவில்லை? ஆப்டிடம் இருக்கும் களஞ்சியப் பட்டியல் பழசாக இருக்கலாம். 'ஆப்ட் அப்டேட்' போதும். களஞ்சியத்தின் 'யூனிவர்ஸ்' என்ற பிரிவு அணைந்திருக்கலாம். 'ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரி யூனிவர்ஸ்' என்று கொடுத்துத் திறக்கலாம். பெயரே மாறியும் இருக்கலாம். 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-ல் நிரம்பி வழியும் என்பதால், டெபியனும் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) உபுண்டுவும் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றியபோது நூற்றுக்கணக்கான லைப்ரரி (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) பேக்கேஜ்களின் பெயர்களுக்குப் பின்னால் 'டி64' ஒட்டிக்கொண்டது. உபுண்டு 24.04-ல் 'லிப்அசவுண்ட்2' என்ற ஒலி லைப்ரரியைக் கேட்டால் அது வெறும் மெய்நிகர் (பெயர் மட்டுமே உள்ள) பேக்கேஜ் என்று சொல்லி இரண்டு பெயர்களைக் காட்டும். எடுக்க வேண்டியது 'லிப்அசவுண்ட்2டி64'.

பிரிண்டர் டிரைவர்களில் வரும் வேறொரு சிக்கல் ஆளையே குழப்பும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும்; ஓட்டினால் 'நோ சச் ஃபைல்' என்று வரும். 'ஃபைல்' என்ற கட்டளையால் சோதித்தால் 32 பிட் என்று காட்டும். காணாமல் போனது அந்த ஃபைல் அல்ல, அதை நினைவகத்தில் ஏற்றிவிடும் 32 பிட் லோடர். 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386' (ஐ386 என்பது 32 பிட் வகையின் பெயர்) கொடுத்து, ஆப்ட் அப்டேட் செய்து, அடிப்படை சி லைப்ரரியின் 32 பிட் வடிவமான 'லிப்சி6:ஐ386' நிறுவினால் லோடர் வந்துவிடும். மற்ற 32 பிட் லைப்ரரிகள் எவை குறைகின்றன என்று அதன் பிறகு 'எல்டிடி' என்ற கட்டளை காட்டும். 'நாட் ஃபவுண்ட்' வரிகளை மட்டும் பார்த்தால் போதும். நம்பிக்கையில்லாத இடத்தில் இறக்கிய ஃபைல் மேல் எல்டிடி ஓட்டாதீர்கள், அது அந்த நிரலையே இயக்கிவிடக்கூடும். லைப்ரரி பெயரைக் கொண்டு பேக்கேஜ் பெயரைக் கண்டுபிடிக்க 'ஆப்ட்-ஃபைல் சர்ச்' இருக்கிறது.

இந்த இடத்தில்தான் குறுக்குவழி ஆசை வரும். பழைய நிரல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் 'லிப்எஸ்எஸ்எல்1.1' லைப்ரரியைக் கேட்கிறது, 22.04-ல் இருப்பதோ 3. புது ஃபைலுக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டால் என்ன? லைப்ரரியின் பெயரோடு வரும் எண் அழகுக்கு வைத்ததல்ல. உள்ளே இருக்கும் செயல்கூறுகளோ தரவு அமைப்போ பழைய நிரல்களுக்கு ஒத்துவராதபடி மாறினால்தான் அந்த எண்ணை மாற்றுவார்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் வீட்டுக்காரர் மாறிவிடுவாரா? 1.1 பதிப்பைத் தேடிப் பிடித்து நிறுவினாலும், ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.

இதைவிட ஆபத்தானது லிப்சி6. 'லிப்சி6 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும், இருப்பது 2.35' என்று வந்தால், அந்த பேக்கேஜ் 22.04-ஐவிடப் புதிய உபுண்டுவுக்காகக் கட்டப்பட்டது. 24.04-லிருந்து லிப்சியை மட்டும் பிடுங்கி வந்து வைக்கவே கூடாது. 'எல்எஸ்', 'சூடோ' முதல் எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. அது உடைந்தால் சரிசெய்யத் தேவையான கட்டளைகூட ஓடாது. அதே மென்பொருளின் 22.04 பதிப்பைத் தேடலாம், தன் லைப்ரரிகளைத் தானே சுமந்து வரும் ஃபிளாட்பேக் வடிவில் எடுக்கலாம், அல்லது கம்ப்யூட்டரையே 24.04-க்கு ஏற்றலாம்.

ஆப்இமேஜ் வடிவில் (நிறுவாமலே ஓட்டும் ஒற்றை ஃபைல்) வரும் மென்பொருள்கள் 22.04-ல் பெரும்பாலும் 'லிப்ஃபியூஸ்2' என்ற லைப்ரரியைக் கேட்கும். அதை மட்டும் நிறுவுங்கள். 'ஃபியூஸ்' என்று சுருக்கமாக அடித்தால், ஃபியூஸ்3-உம் அதைச் சார்ந்த டெஸ்க்டாப் பேக்கேஜ்களும் நீக்கப்பட்டுவிடும். சந்தேகம் இருந்தால் 'ஆப்ட் இன்ஸ்டால் -எஸ்' என்று கொடுத்து ஒத்திகை பார்க்கலாம். எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். ஏற்கெனவே ஒய் தட்டியாகிவிட்டதென்றால், 'வார்' கோப்புறைக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அங்கே 'ஹிஸ்டரி.லாக்'. 'ரிமூவ்' என்று தொடங்கும் வரியில் போனவை அத்தனையும் வரிசையாக இருக்கும். முதலில் ஃபியூஸை நீக்கிவிட்டு, அந்தப் பெயர்களை அப்படியே மறுபடி நிறுவலாம்.