தூக்கமின்மை பரம்பரையாக வருமா?

“எங்கம்மாவும் இப்படித்தான், விடிய விடிய முழிச்சிட்டே கிடப்பாங்க.” தூக்கம் வராமல் தவிக்கிற பலர் இப்படிச் சொல்வதுண்டு. வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்குக் குறையாமல், நிம்மதியாகப் படுக்க வசதியிருந்தும் தூக்கம் பிடிக்காமல் போய், பகலிலும் அதன் பாதிப்பு தெரிந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இதற்கு மரபணு எவ்வளவு காரணம், வாழ்க்கைச் சூழல் எவ்வளவு காரணம்?

விடை தேடி ஆராய்ச்சியாளர்கள் முதலில் போனது இரட்டையர்களிடம். ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரின் மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரு கருமுட்டைகளில் உருவானவர்களுக்கு, சராசரியாகப் பாதிதான் பொது. வளரும் வீடு இரு சாராருக்கும் ஒன்றுதான். ஆகவே முதல் வகையினரிடம் தூக்கமின்மை அதிகமாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் ஒற்றுமை மரபணுவின் வேலை. பல ஆய்வுகளில் மரபணுவின் பங்கு 30 முதல் 40 சதவீதம் வரை வந்திருக்கிறது. “என் தூக்கமின்மையில் 40 சதவீதம் அம்மா கொடுத்தது” என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கைத்தான் இந்த எண் சொல்கிறது. தனி ஒருவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

2019-இல் ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் தலைமையில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை அலசினார்கள். தூக்கமின்மையோடு தொடர்புள்ள 202 இடங்கள் மரபணுத் தொகுதியில் தென்பட்டன. அவற்றின் வழியே 956 மரபணுக்கள் சந்தேக வளையத்துக்குள் வந்தன. ஒவ்வொன்றின் பாதிப்பும் மிகச் சிறியது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அதிகாலையில் எழுபவரா, இரவு வெகுநேரம் விழித்திருப்பவரா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களோடு இவற்றுக்கு இருக்கும் உறவைவிட, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் மரபணுக்களோடு இருக்கும் உறவே நெருக்கமானது. தூக்கம் வராதவரின் மூளைக்குத் தூங்கத் தெரியாமல் இல்லை, விழிப்பைத் தணிப்பதில்தான் அதற்குச் சிரமம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

மெயிஸ்1 என்ற மரபணுவும் இந்தப் பட்டியலில் உண்டு. படுத்ததும் கால் குடைந்து, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி என்ற தொல்லையோடு ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்டது அது. அப்படிக் கால் குடைச்சல் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

மரபணுவும் சூழலும் எப்படிக் கைகோக்கின்றன என்பதைக் காபியில் பார்க்கலாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. அது மூளைச் செல்களில் தனக்கென இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டும்போது தூக்கம் கண்ணைச் சுற்றும். காபியிலுள்ள காஃபின் அந்த ஏற்பிகளை முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது. ஏற்பியை உருவாக்கும் மரபணு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அதனால் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் காபி குடித்தும் குறட்டை விடுவார். இன்னொருவருக்கு மாலை 5 மணிக் காபியே போதும், பொட்டுத் தூக்கம் வராது. காபியே குடிக்காவிட்டால் இந்த வேறுபாடு வெளியே தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1980-களில் தூக்கமின்மை உருவாகி நிலைப்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். பிறவியிலேயே உள்ள சாய்வு முதலாவது. வேலை இழப்பு, நெருங்கியவரின் மரணம், கைக்குழந்தை, இரவு ஷிஃப்ட் போன்ற தூண்டுதல் அடுத்தது. தூண்டுதல் போன பிறகும் தூக்கமின்மையைப் பிடித்து வைத்திருப்பது மூன்றாவது: விட்ட தூக்கத்தைப் பிடிக்க 8 மணிக்கே படுப்பது, பகலில் தூங்குவது, நடுராத்திரியில் மணி பார்த்துக் கணக்குப் போடுவது. நாளடைவில் படுக்கையும் விழிப்பும் மூளைக்குள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. சோபாவில் டிவி முன் சொக்கி விழுந்தவர், எழுந்துபோய்த் தலையணையில் தலை வைத்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான்.

முதல் கட்டத்தை மாற்ற முடியாது, மூன்றாவதை மாற்றலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இந்த மூன்றாவது கட்டத்தைக் குறிவைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. தூக்கம் சொக்கினால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது, எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது ஆகியவை அதில் அடக்கம். தொடக்கத்தில் பகலில் தூக்கக் கலக்கம் கூடும் என்பதால், வண்டி ஓட்டுபவர்களும் இயந்திரங்களில் வேலை பார்ப்பவர்களும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரின் மேற்பார்வையில்தான் இதைத் தொடங்க வேண்டும்.