பயிற்சி இலவசம், சரி. குழந்தையை எங்கே விடுவது?

அரசு செலவில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. பேட்ச் தொடங்கும் நாளில் இருக்கும் கூட்டம் சில நாட்களில் இளைக்கும். நின்றவர்களில் கைக்குழந்தைக்காரப் பெண்கள் கட்டாயம் இருப்பார்கள். கேட்டால், "மாமியாருக்கு முடியலைங்க, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை" என்பார்கள். வகுப்புக்கு ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது, சர்டிபிகேட்டும் உண்டு, வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் போக முடியாது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அரசிடம் பணம் இருக்கிறது. ஆனால் அது வேறு துறையின் பையில் இருக்கிறது. பயிற்சிப் பணம் திறன் மேம்பாட்டுத் துறையிலிருந்தும் ஊரக வளர்ச்சித் துறையிலிருந்தும் வருகிறது. காப்பகப் பணம் பெண்கள், குழந்தைகள் துறையிலிருந்து வருகிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு நிறுவனம் தர வேண்டிய வசதி தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. மூன்றும் ஒரே மேசையில் கிடைக்காது. பயிற்சி மையத்தில் இருப்பவருக்குக் காப்பகம் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சேர்த்துவைக்கும் வேலை நம் தலையில்தான்.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். அங்கே 1990-இல் வந்த குழந்தைப் பராமரிப்பு நிதிச் சட்டப்படி, வருமானம் குறைந்த பெற்றோர் வேலைக்குப் போனாலும் சரி, தொழிற்பயிற்சிக்குப் போனாலும் சரி, 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உதவி கேட்கலாம். பயிற்சியையும் வேலையாகவே கணக்கில் எடுக்கிறார்கள். நம்மிடம் அப்படி நேரடியாக இணைத்த ஏற்பாடு இல்லை. ஆனால் தேடினால் ஒட்டுப்போட வழி உண்டு.

முதலில் பயிற்சி.

கிராமப்புற ஏழைக் குடும்பம் என்றால் தீன்தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனாவைக் கேளுங்கள். 2014 செப்டம்பர் 25-இல் தொடங்கியது. பெயர் வாயில் நுழையாது; டி.டி.யு.ஜி.கே.ஒய். என்றால் அலுவலகத்தில் புரியும். பொதுவாக 15 முதல் 35 வயது வரை. பெண்களுக்கு 45 வரை தளர்வு உண்டு, சேர்க்கையில் மூன்றில் ஒரு பங்கும் அவர்களுக்கு. முப்பது தாண்டிவிட்டது, இனி எங்கே என்று இருப்பவர்கள் இந்த 45-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த பின் கையில் கொஞ்சம் பணமும் வரும்: மாதம் 1,000 ரூபாய், சொந்த மாவட்டத்துக்குள் வேலை என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் என்றால் 3 மாதம், வெளி மாநிலம் என்றால் 6 மாதம். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது மகளிர் திட்ட அலுவலகம். சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு இந்த அலுவலகம் புதிதல்ல.

இதில் ஒரு சிக்கல். பல பேட்ச்கள் தங்கிப் படிப்பவை. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம் என்பது கல்யாணமாகாத பெண்ணுக்கு வரம். பால் குடிக்கும் பிள்ளையை வைத்திருப்பவருக்கு அதுவே தடை. அதனால் விண்ணப்பம் கொடுக்கும்போதே "தங்காமல் போய் வருகிற பேட்ச் எது?" என்று கேட்டுவிடுங்கள். பேர் பதிந்த பிறகு கேட்டால், "முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா" என்பார்கள்.

சொந்தத் தொழில் யோசனை இருந்தால் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் மேல். 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய மாதிரி இது. இப்போது மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த மாவட்டத்தின் முன்னோடி வங்கி (லீட் பேங்க்) நடத்துகிறது. பல வகுப்புகள் சில வாரங்களில் முடிந்துவிடும். குழந்தையை வைத்துக்கொண்டு யோசிக்கும்போது ஆறு மாதத்தைவிட ஒரு மாதம் சமாளிக்கக்கூடியது. ஊரிலிருந்து அம்மாவை அவ்வளவு நாள் வரவழைத்துவிடலாம். முடித்தவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கடன் வாங்கவும் உதவ வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஐ.டி.ஐ. பற்றி ஒரே வரி: தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.க்களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. போய் வர சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால், பயணச் செலவும் பெரும்பாலும் மிச்சம்.

இனி குழந்தை.

அலுவலகத்தில் எந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "குழந்தைகள் காப்பகம் வேண்டும்" என்றால் சிலர் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் என்று எடுத்துக்கொண்டு உங்களை வேறு அறைக்கு அனுப்புவார்கள். "பகல்நேரக் காப்பகம்" அல்லது "கிரெச்" என்று சொல்லுங்கள். "பால்வாடி" என்றால் அங்கன்வாடி. அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு தருவார்கள், எடை பார்ப்பார்கள். ஆனால் விட்டுவிட்டு வர முடியாது. அங்கே உட்காரவைப்பது ஓரளவு வளர்ந்த பிள்ளைகளைத்தான். பயிற்சிக்குப் போக வேண்டிய தாய்க்குச் சிக்கலே அதற்கு முந்தைய வயதில்தானே.

அந்த இடைவெளிக்காக வந்ததுதான் மத்திய அரசின் 'பால்னா'. பால்னா என்றால் இந்தியில் தொட்டில். 2006-இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய கிரெச் திட்டம், 2017-இல் தேசிய கிரெச் திட்டம் ஆனது. 2022-இல் 'மிஷன் சக்தி' என்ற மத்திய அரசின் பெண்கள் நலத் திட்டத் தொகுப்பின் கீழ் வந்து பால்னா ஆனது. பெயர் மாறியதைவிட முக்கியமான மாற்றங்கள் இரண்டு. அங்கன்வாடியையே கிரெச்சாகவும் நடத்தலாம் என்றார்கள். நாடு முழுக்க 17,000 அங்கன்வாடி-கிரெச்கள் என்பது இலக்கு. இரண்டாவது, தாய் வேலையில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. வேலை இருக்கிறதோ இல்லையோ, எந்தத் தாயும் குழந்தையை விடலாம். வயது 6 மாதம் முதல் 6 ஆண்டு வரை.

இந்த இரண்டாவது மாற்றத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு இதுதான் கதவு. அவர் இன்னும் வேலையில் இல்லை, சம்பளச் சீட்டு கிடையாது, முதலாளி கடிதம் தர முடியாது. "வேலை பார்க்கிற சான்று கொண்டு வாங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால், திட்டம் அப்படிக் கேட்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

எல்லா ஊரிலும் இருக்கிறதா? இல்லை. செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. வடகிழக்கிலும் சில மலை மாநிலங்களிலும் மட்டும் 90-க்கு 10. ஆக மாநிலம் தன் பங்கை எடுத்துவைத்து, இந்த இடத்தில் தேவை இருக்கிறது என்று கேட்டால்தான் மையம் வரும். உங்கள் பகுதி குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் (எல்லோரும் சி.டி.பி.ஓ. என்பார்கள்) அருகில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், ஒரே பேட்ச்சில் இருக்கும் தாய்மார்கள் சேர்ந்து, குழந்தைகளின் வயதோடு பட்டியல் எழுதி மனு கொடுங்கள். 'தேவை இருக்கிறது' என்பதற்குக் காகிதத்தில் சாட்சி அதுதான்.

வேலை கிடைத்த பிறகு கதை மாறுகிறது. இப்போது செலவு முதலாளியுடையது. சட்டம் நடந்து வந்த பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், சுவாரசியமானது. 1948 தொழிற்சாலைச் சட்டம், 30-க்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால் 6 வயதுக்கு உட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்கு கிரெச் வேண்டும் என்றது. எண்ணியது பெண்களை மட்டும். நல்ல எண்ணம்தான், ஆனால் கணக்குப் போடுகிற முதலாளிக்கு 31-வது பெண்ணைச் சேர்க்காமல் இருக்க அதுவே காரணமாகிவிடும் இல்லையா?

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் அந்தக் கணக்கை உடைத்தது. 50 பேர் வேலை பார்த்தால் கிரெச் வேண்டும், அந்த 50-இல் ஆண்களும் சேர்த்தி. 48 ஆண்கள், 2 பெண்கள் இருக்கும் இடத்துக்கும் விதி பொருந்தும். தொழிற்சாலை மட்டுமல்ல, கடைகளும் அலுவலகங்களும் வந்துவிட்டன. குழந்தையைப் பார்க்க ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வர விட வேண்டும். இடைவேளையும் அந்த நான்கில் அடங்கும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், பழைய மகப்பேறு நலச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இருக்கிறது. பயப்பட வேண்டாம், உரிமை போகவில்லை. அதன் 67-வது பிரிவில் 50 பேர், நான்கு முறை எல்லாம் இருக்கிறது. தனியாக நடத்த முடியாத நிறுவனம் அரசின் கிரெச்சையோ நகராட்சி, தனியார், தொண்டு நிறுவனம் நடத்துவதையோ பயன்படுத்தலாம். பல நிறுவனங்கள் சேர்ந்து ஒன்றை நடத்தவும் செய்யலாம். "எங்களிடம் இடமில்லை" என்ற சாக்குக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க 15 மாதம் வரை தினம் இரண்டு இடைவேளை என்பதும் தொடர்கிறது.

50 பேர் என்பதை எப்படி எண்ணுவது என்பதில்தான் ஏமாற்று நடக்கும். "எங்கள் ரோலில் முப்பது பேர்தான், மற்றவர்கள் கான்ட்ராக்ட்" என்பார்கள். தொகுப்பின் விளக்கப்படி, ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவரும் பணியாளரே. ஆகவே அவர்களையும் எண்ண வேண்டும். ஆனால் 1961 அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தின் கீழ் சேர்ந்தவர்களை எண்ண முடியாது, அவர்கள் அந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பயிற்சி முடித்தவர்களை நிறுவனங்கள் முதலில் அப்ரண்டிஸாக எடுப்பது இப்போது சகஜம். உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கிறது. ஆகவே ஆர்டர் கையில் வந்ததும் அதில் 'பணியாளர்' என்று இருக்கிறதா 'அப்ரண்டிஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிரெச் உரிமை பற்றிய பேச்சு அந்த ஒரு வார்த்தையில் மாறும்.

தினக்கூலிக்கு இதெல்லாம் பொருந்தாது என்று மேஸ்திரி சொன்னால் நம்ப வேண்டாம். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறுப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

வேறு ஊரில் பயிற்சி அல்லது வேலை என்றால் 'சகி நிவாஸ்' என்ற பணிபுரியும் மகளிர் விடுதிகள் இருக்கின்றன. மொத்த மாதச் சம்பளம் பெருநகரத்தில் 50,000 ரூபாய்க்குள், மற்ற ஊர்களில் 35,000-க்குள் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்படாத வேலைப் பயிற்சியில் இருப்பவர்களையும் சேர்ப்பார்கள், ஆனால் இடம் மீதி இருந்தால் மட்டும், அதுவும் மொத்தத்தில் 30 சதவீதத்துக்குள். பெண் குழந்தை 18 வயது வரை, ஆண் குழந்தை 12 வயது வரை தாயோடு தங்கலாம். பகல்நேரக் காப்பகம் இணைந்த விடுதியில் அதற்கான கட்டணம் தாயின் சம்பளத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டு அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளும் உண்டு. அங்கே குழந்தையோடு தங்க இடம் இருக்கிறதா என்று அந்தந்த விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் சொல்லும் வரிசை இது. முதலில் சி.டி.பி.ஓ. அலுவலகம், அப்புறம்தான் பயிற்சி மையம். கிரெச் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குள் அடங்கும் பேட்ச்சைப் பிடியுங்கள். மாற்றிச் செய்தால், வகுப்பு ஐந்து மணிக்கு முடியும், காப்பகம் நான்கு மணிக்கே பூட்டியிருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றின் நகல் இரண்டு செட் எடுத்துவைத்தால் இரண்டு இடத்துக்கும் போதும்.

நிறுவனத்தில் கிரெச் இல்லை என்ற புகார் தொழிற்சாலையாக இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறைக்கும் போகும். எழுத்தில் கொடுங்கள். எதற்கும் பதில் வரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள் இருக்கிறது. அங்கே தரும் ரசீதில் எண் இருக்கும், அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீது தாள் சீக்கிரம் மங்கிவிடும்.