புகையானுக்கு முன்னாடி என்ன மருந்து அடித்தீர்கள்?

சம்பா பயிர் பூட்டைப் பருவத்தை (கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் நிலை) நெருங்கும்போது எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "சார், வயலுக்கு நடுவுல வட்டமா காஞ்சுக்கிட்டே வருது, என்ன மருந்து அடிக்கலாம்?" நெல் தண்டின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிதான், சந்தேகமில்லை. இதுக்கு முன்னாடி என்ன அடிச்சீங்க என்று திருப்பிக் கேட்பேன். நட்டு 25, 30 நாளில் இலைச் சுருட்டுப்புழு தெரிந்தது, கடையில் கொடுத்த சைபர்மெத்ரினையோ குயினால்பாஸையோ அடித்தோம், பயிர் பச்சை கட்டட்டும் என்று யூரியாவும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டோம் என்பார்கள். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இலை வெள்ளை வெள்ளையாகச் சுரண்டப்பட்டிருந்தால் யாருக்கும் வயிறு கலங்கும், சரி. ஆனால் தூர் கட்டும் வயதில் இருக்கும் பயிர் புது இலை விட்டு அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். நாம் அடித்த மருந்தோ புழுவோடு சேர்த்து, புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளையும் அதன் முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடுகிறது. புகையான் முட்டை மட்டும் இலையுறைத் திசுவுக்குள்ளே பத்திரமாக இருக்கும், மருந்து அதைத் தொடாது. ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு வெளியே வரும்போது தின்ன ஆளில்லாத வயல், தழைச்சத்து ஏறிய சாறு. அப்புறம் பெருகாமல் என்ன செய்யும்?

இதை ஒரு நாடே பட்டுத் தெரிந்துகொண்டது. இந்தோனேசியாவில் அரசே பெரும் மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தை வாரி வழங்கிய காலத்தில்தான் புகையான் திரும்பத் திரும்ப நெல்லை அழித்தது. 1986இல் அதிபர் சுகார்த்தோ ஆணை போட்டு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார், பிறகு மானியத்தையும் நிறுத்தினார்கள், விவசாயிகளுக்கு வயலிலேயே பள்ளி நடத்தினார்கள். விளைச்சல் சரியவில்லை. அங்கே அரசாணை செய்த வேலையை இங்கே நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும், மருந்துக் கடைக்காரர் செய்ய மாட்டார்.

வரப்பில் நின்று பார்த்தால் புகையான் தெரியாது. உள்ளே இறங்கி, குத்தை (ஒரே இடத்தில் நட்ட பயிர்க் கொத்து) சாய்த்து, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தண்டைப் பாருங்கள். தூருக்கு, அதாவது குத்தில் இருக்கும் ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுக்கும் நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்த அளவைத் தொட்டுவிட்டால் முதலில் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், பயிரை விலக்கிப் பட்டம் (இடைவெளிப் பாதை) பிரித்துக் காற்றும் வெயிலும் அடியில் படச் செய்யுங்கள். (நடும்போதே 8 அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டிருந்தால் இந்த மல்லுக்கட்டு இல்லை, நடவு ஆட்கள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.) அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து, அதுவும் பைமெட்ரோசின், புப்ரோஃபெசின் மாதிரி புகையானைக் குறிவைப்பது. புப்ரோஃபெசின் குஞ்சுகள் தோல் உரிப்பதைத்தான் தடுக்கும், அதனால் மறுநாளே பூச்சி சாகவில்லை என்று அடுத்த டேங்க் கலக்காதீர்கள். "மெத்ரின்" என்று முடியும் எதுவும் வேண்டாம். தெளிக்கும்போது நாசிலைத் தூரின் அடிக்குக் கொண்டுபோங்கள், மேலாகத் தெளித்தால் இலைதான் நனையும்.