சுவரில் தொங்கும் சைக்கிளும் ஒரு ஸ்குரூவின் பாடும்

ராத்திரி இரண்டு மணிக்குச் சைக்கிள் சுவரிலிருந்து விழுந்தால் பக்கத்து ஃபிளாட்டிலும் லைட் எரியும். எனக்கு நடந்தது. மாட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வெறும் 15 கிலோவைத் தாங்காத சுவரா என்று சுவரைத்தான் முதலில் திட்டினேன்.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். எடை அதேதான், தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான். சைக்கிளின் ஹேண்டில்பார் சுமார் 60 செ.மீ. அகலம். அது சுவரில் இடிக்காமலிருக்க, சைக்கிளின் நடு பாரைத் தாங்கும் ஸ்டாண்டின் கை 30 செ.மீ.யாவது வெளியே நீள வேண்டும். அந்த நுனியில் 15 கிலோ தொங்கும்போது, அந்தக் கையைச் சுவரோடு பிணைக்கும் தகட்டின் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேல் ஸ்குரூ வெளியே இழுபடும். இரண்டுக்கும் நடுவே 15 செ.மீ. இருந்தால் இழுப்பு 15 × 30 ÷ 15, அதாவது 30 கிலோ. நான் மாட்டியதில் அந்த இடைவெளி 5 செ.மீ. தான். கணக்குப் போட்டால் 90 கிலோ!

இந்த இழுப்பை எதிர்த்து நிற்பது முக்கியமாக உராய்வு. ஸ்குரூவுக்கு முன்பே சுவர் ஓட்டையில் ஒரு சின்ன உறையைச் செருகுவோமே, அதுதான் பிளக். ஸ்குரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து, ஓட்டையின் பக்கங்களை நெருக்குகிறது. நெருக்கம் கூடினால் பிடிப்பும் கூடும். இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911-இல் இதைச் சணல் நாரில் செய்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்ததாம். நம் எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் ‘ராவல் பிளக்’ அவர் பெயரின் மிச்சம். நைலான் பிளக் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் கொண்டுவந்தது.

சரி, பிளக் நெருக்கினால் போதுமா? நெருக்குகிற இடம் கெட்டியாக இருக்க வேண்டுமே! கீழே விழுந்த என் பிளக்கை எடுத்துப் பார்த்தேன். முழுக்கச் சாம்பல் தூள்; நுனியில் மட்டும் துளி செங்கல் சிவப்பு. பூச்சிலேயே பாதிக்கு மேல் நின்றுவிட்டது. சிமெண்ட் பூச்சு நெருக்கினால் உதிரும். டிரில் போடும்போதே தூளைக் கவனித்திருக்க வேண்டும்: முதலில் சாம்பல், அப்புறம் சிவப்பு. சிவப்பு வந்த பிறகுதான் ஆழத்தை எண்ணத் தொடங்க வேண்டும். வெள்ளைத் தூள் மாவு மாதிரி கொட்டினால் அது ஏ.ஏ.சி. பிளாக் எனும் லேசான நுரைக் கான்கிரீட் கல், டிரில் திடீரென்று உள்ளே விழுந்தால் நடுவில் வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக். இரண்டுக்கும் தனி பிளக் உண்டு. ஓட்டையில் தூள் தங்கினால் பிளக் தூளைத்தான் பிடிக்கும். ஊதிவிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு.

இப்போது என் சைக்கிள் முன் சக்கரத்தில் செங்குத்தாகத் தொங்குகிறது. கொக்கி சுவரை ஒட்டியே இருக்கிறது. பின் சக்கரம் ஒரு மீட்டர் கீழே சுவரில் சாய்ந்திருக்கிறது. முன்பு 5 செ.மீ. தகடு ஊன்றியதற்குப் பதிலாக இப்போது முழுச் சைக்கிளே ஊன்றுகிறது. அதனால் சைக்கிள் கொக்கியை வெளிப்பக்கம் இழுப்பது சில கிலோதான். ரிம் வளைந்துவிடுமே என்று கீழ்வீட்டு மாமா கவலைப்பட்டார். அந்தச் சக்கரங்கள் தினமும் என் 70 கிலோவைச் சுமந்துகொண்டு பள்ளத்தில் விழுந்து எழுகின்றன, மாமா!

பின் டயர் அழுத்தும் இடத்தில் சுவரில் கறுப்புக் கறை. வீட்டு ஓனர் வருவதற்குள் ஒரு பழைய கால்மிதியை வெட்டி ஒட்டிவிட்டேன்.