நூறில் வந்தானா, எண்பதில் வந்தானா?

சென்னை ஓஎம்ஆர் ரோட்டுச் சிக்னலில் நிற்கும் காரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டால், கூட்டம் கூடிய இரண்டாவது நிமிடமே வேகம் முடிவாகிவிடும். "நூறுக்கு மேல வந்தான் சார், நான் பாத்தேன்" என்பார் ஒருவர். "நாப்பதுதான் சார்" என்பார் ஓட்டியவர். இரண்டையும் எழுதிக்கொள்ளலாம், நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ரோட்டில் கறுப்பாக விழுந்திருக்கும் டயர் தடம் யாருக்கும் சொந்தக்காரன் அல்ல. அதை அளக்கத் தெரிந்தால் போதும்.

பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால், டயர் உருளாமல் தேயும். வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் உராய்வில் கரைகிறது. இந்தக் கணக்கில் நிறை இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போவதால், வண்டி ஆல்டோவா இன்னோவாவா என்ற கேள்விக்கு இடமில்லை. மிஞ்சுவது இவ்வளவுதான்: வேகத்தின் வர்க்கம் = 254 × உராய்வுக் குணகம் × தடத்தின் நீளம். வேகம் மணிக்குக் கிலோமீட்டரில், நீளம் மீட்டரில். உராய்வுக் குணகம் என்பது ரோடு டயரை எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும் எண். 254 என்பது புவியீர்ப்பும் அலகு மாற்றமும் சேர்ந்து வரும் மாறாத எண்.

தவறு பெரும்பாலும் நுழைவது உராய்வுக் குணகத்தில். காய்ந்த, நல்ல தார் ரோட்டுக்கு 0.7 முதல் 0.8 வரை வரும். நனைந்தால் 0.4 முதல் 0.6. நம் ஊரில் இதற்கும் விதிவிலக்குகள் உண்டு. லாரியிலிருந்து கொட்டிய எம்-சாண்ட், மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, ஜீப்ரா கோட்டின் பெயின்ட் எல்லாம் டயரின் பிடியைக் குறைக்கும். கோடை முடிந்து விழும் முதல் மழையில், பல மாதத் தூசியும் எண்ணெயும் குழைந்து ரோடு வழுக்கும். அன்றைய ரோடு, ஒரு வாரம் கொட்டித் தீர்த்த பிறகு இருக்கும் அதே ரோட்டைவிட மோசம். ஆகவே புத்தகத்து எண்ணை அப்படியே எடுக்காமல் இடத்திலேயே இழுத்துப் பார்ப்பதுதான் முறை. பழைய டயர்த் துண்டில் கான்கிரீட் ஊற்றி 20 கிலோ எடையாக்கி, ஸ்பிரிங் தராசு மாட்டி, கார் போன திசையிலேயே இழுக்க வேண்டும். நகர ஆரம்பிக்கும்போது முள் ஒரு குதி குதிக்கும், அதை விட்டுவிடுங்கள். சீராக நகரும்போது 14 கிலோ காட்டினால் குணகம் 14 ÷ 20, அதாவது 0.7. நாலைந்து முறையாவது இழுக்க வேண்டும். மேம்பாலச் சரிவு என்றால், 4 சதவீத ஏற்றத்துக்கு 0.04 கூட்ட வேண்டும், இறக்கத்துக்குக் கழிக்க வேண்டும்.

அடுத்தது நீளம். தடம் திடீரென்று கறுப்பாக ஆரம்பிக்காது. முதலில் ஒரு மங்கல் நிழல்தான் இருக்கும். நின்றபடி பார்த்தால் அது தெரியாது. குனிந்து, தடத்தின் நேர்க்கோட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் இன்னும் ஒன்றிரண்டு மீட்டர் பின்னால் போகும். ஒவ்வொரு சக்கரத்தின் தடத்தையும் சாக்பீஸால் குறித்துத் தனித்தனியாக அளக்க வேண்டும். முன் சக்கரத் தடத்தின் மேலேயே பின் சக்கரத் தடமும் விழுவதால், பின் சக்கரம் தேயத் தொடங்கிய இடத்திலிருந்து முன் சக்கரம் நின்ற இடம் வரை டேப் பிடித்தால் வீல்பேஸும், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரமும், உள்ளே வந்துவிடும். சின்ன காரில் இது ஏறத்தாழ இரண்டரை மீட்டர், கழிக்காவிட்டால் வேகம் ஏறிவிடும். மீட்பு கிரேன் இன்னொரு வில்லங்கம். ஹேண்ட்பிரேக் போட்ட வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் பின் சக்கரம் புதுத் தடம் போட்டுவிடும். கிரேன் வருவதற்கு முன் படம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மோதிய புள்ளியைக் கண்ணாடிச் சில்லை வைத்துக் குறிக்கக் கூடாது, அது முன்னால் பறந்து விழும். நேராக வந்த தடம் சட்டென்று பக்கவாட்டில் ஒடியும் இடம், ரோட்டில் இரும்பு கீறிய பள்ளம், மட்கார்டுக்கு அடியிலிருந்து உதிர்ந்த காய்ந்த சேறு, இவை மூன்றும் ஒன்றுகூடும் இடத்தைப் பாருங்கள்.

இனி ஒரு கணக்கு. 1,600 கிலோ எஸ்யூவி, சிக்னலில் நிற்கும் 1,000 கிலோ காரை இடிக்கிறது. மோதலுக்கு முன் 14 மீட்டர் தடம். மோதிய பின் இரண்டும் ஒட்டியபடி எல்லாச் சக்கரங்களும் தேய்ந்து 8 மீட்டர் போய் நிற்கின்றன. குணகம் 0.7.

பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். கடைசி 8 மீட்டர்: 254 × 0.7 × 8 = 1,422, வர்க்கமூலம் 37.7. மோதிய உடனே இரண்டும் சேர்ந்து போன வேகம் அது. மோதலில் மொத்த உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு, மாறாது. 2,600 கிலோ 37.7-ல் போகிறது என்றால், தனியாக வந்த 1,600 கிலோவின் வேகம் 37.7 × 2,600 ÷ 1,600, அதாவது 61.3. இது மோதும் கணத்து வேகம். பிரேக் போட்டபோது இருந்த வேகம் இதைவிட அதிகம், 14 மீட்டர் தடத்தில் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

பலர் சறுக்குவது இங்கேதான். 14 மீட்டருக்குத் தனியாகக் கணக்குப் போட்டால் 49.9 வரும். அதை 61.3-உடன் கூட்டி "111-ல் வந்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். வேகங்களைக் கூட்டக் கூடாது, வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். 3,758 + 2,489 = 6,247, வர்க்கமூலம் 79. ஓட்டியவர் தப்பு செய்தவரேதான், ஆனால் 111 செய்தவர் அல்ல. அதே இடம் நனைந்திருந்து குணகம் 0.5 என்றால் விடை 67-க்கு இறங்கும். எனவே ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் 'இதிலிருந்து இதுவரை' என்று எழுதுவதே நேர்மை. சக்கரம் பூட்டுவதற்கு முன்பே பிரேக் கொஞ்சம் வேகத்தைத் தின்றிருக்கும், அது தடத்தில் பதியாது. ஆக, வந்திருக்கும் விடை குறைந்தபட்ச வேகம்.

சென்னையில் 2023 நவம்பரிலிருந்து கார்களுக்கு உச்ச வேகம் 60. அந்த வேகத்தில் வந்திருந்தால்? ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக 1.5 வினாடி என்று வைப்போம். 79-ல் அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும், ஆகவே அவர் ஆபத்தைக் கண்டது மோதலுக்கு 47 மீட்டர் முன்னால். 60-ல் வந்திருந்தால் 25 மீட்டர் யோசனைக்கு, 20 மீட்டர் பிரேக்குக்கு. முன்னால் நின்ற காருக்கு ஒன்றரை மீட்டருக்கும் சற்று அதிகமாக இடம் விட்டு நின்றிருப்பார். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் 'டயர் தேய்ந்த தடம் காணப்பட்டது' என்று மட்டும் எழுதி நீளத்தை விட்டுவிட்டால், இழப்பீட்டு வழக்கில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

இந்த உந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. ஆளோடு 190 கிலோ பைக், 12 டன் லாரியில் மோதினால் லாரியின் வேகம் அசைந்ததே தெரியாது. அதன் வேகத்தில் ஒரு சின்னப் பிசகு, பைக்கின் வேகத்தில் பல மடங்காக ஊதிவிடும். பைக் சாய்ந்து இழுத்துக்கொண்டு போன கீறலை அளப்பதே மேல். தார் ரோட்டில் இரும்பு உரசும்போது டயருக்குரிய 0.7-ஐப் போடக் கூடாது, குணகம் அதைவிட நன்றாகவே குறையும்.

இன்னொரு சிக்கல் ஏபிஎஸ், பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் புதுக் கார்களில் அது கட்டாயம் என்பதால் கறுப்புத் தடம் அபூர்வமாகிவருகிறது. இப்போது கைகொடுப்பது கடை வாசல் கேமரா. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து, கார் அதைக் கடக்கும் ஃபிரேம்களை எண்ணலாம். 12 மீட்டர், 18 ஃபிரேம். வினாடிக்கு 25 ஃபிரேம் என்று கொண்டால் 60 கிமீ. கேமராவின் பதிவுக் கருவியான டிவிஆர் உண்மையில் வினாடிக்கு 15-தான் பதிவு செய்கிறது என்றால் அதே கார் 36-ல் போகிறது. வாட்ஸ்அப்பில் வந்த நகலில் இந்த எண் மாறியிருக்கலாம். பென்டிரைவில் அசல் கோப்பையே கேட்டு வாங்குங்கள். டிவிஆர் திரையில் ஓடும் கடிகாரத்தையும் உங்கள் செல்போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும்.